குப்பைத்தொட்டியில் பிள்ளையார்

நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் ஜாதகம் பார்க்கிற துலுக்கானத்துக்கு ஊரார் கிரகமெல்லாம் அத்துப்படி. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்தக் கிரகம் பிடித்திருக்கிறது என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

அவருடைய ஜாதக சாஃப்ட்வேருக்குக் கெடு முடிந்துபோய், எதை அச்சடித்தாலும் குறுக்கே கொட்டை எழுத்தில் 'மாதிரி' என்று விழுந்தது. கமலம் தன் மகள் அகல்யாவுக்கு வாங்கிப்போன பொருத்தத் தாளும் அப்படித்தான். "இது செல்லாது. பதினோரு மணிக்குள்ள நல்ல தாளு வரலன்னா வேற பொண்ணு பாக்கறோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா ஜெகதாம்பாள் சொல்லிவிட்டாள். கமலம் நேரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

புது சாஃப்ட்வேரைப் போட்டால், 'பழையதை முதலில் நீக்கவும்' என்றது. துலுக்கானம் பழைய ஃபோல்டரை அப்படியே டெலிட் செய்தார். மறுபடியும் அதே பேச்சு. கண்ட்ரோல் பேனலில் போய் முறையாக நீக்கப் பார்த்தால், 'நீக்குவதற்கான ஃபைலைக் காணோம்' என்றது.

"நீக்கறதையே நீக்கிட்டா, அது எத்த வெச்சிய்யா நீக்கும்?" என்று சம்சாரம் புஷ்பா மவுஸைப் பிடுங்கி, ரீசைக்கிள் பின்னைத் திறந்தாள். உள்ளே அந்த ஃபோல்டர். மேலே சாஃப்ட்வேரின் அடையாளமாக ஒரு குட்டிப் பிள்ளையார் படம்.

"அட மனுசா! சாமியக் கொண்டாந்து குப்பத்தொட்டியிலயா போட்ட?"

துலுக்கானம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புஷ்பா ஃபோல்டரை மீட்டு, சாஃப்ட்வேர் ஓடுகிறதா என்று ஒருமுறை திறந்து மூடினாள். பிறகு நீக்கச் சொன்னால், 'புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது' என்றது. திரையின் ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பிள்ளையார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரைட் கிளிக் பண்ணி 'வெளியேறு' குடு" என்று மவுஸை நீட்டினாள் புஷ்பா.

"சாமியப் பாத்து வெளியேறுன்னு எந்த வாயால சொல்றது?"

"வாயால சொல்லாத. மவுஸால சொல்லு."

"மணி பத்தே முக்கா ஆவுது அண்ணாத்தே," என்றாள் கமலம். "அவுரு கெளம்பலன்னா மாப்ள கெளம்பிடுவான்."

துலுக்கானம் யோசித்தார். கோயிலில் திருப்பணி என்றால் சாமியை வேறு இடத்தில் அமர்த்தி, பாலாலயம் செய்துவிட்டுத்தானே கருவறையில் கை வைக்கிறார்கள்? செல்போனில் பிள்ளையாரைப் படம் பிடித்தார். போனுக்குக் குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் சாத்திக் கற்பூரம் காட்டினார்.

"அப்பனே, கொஞ்ச நேரம் இங்க குந்து. அங்க மராமத்து வேல."

கண்ணை மூடிக்கொண்டு 'வெளியேறு' கொடுத்தார். பிள்ளையார் மறுபேச்சில்லாமல் போனார், அவருக்கும் அலுத்திருக்கும். பழையது நீங்கியது. புதியது ஏறியது. தாள் பளிச்சென்று வந்தது: பத்துக்கு எட்டு.

கமலம் அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரெண்டு கொறையுதே?" என்று இழுத்தாள் ஜெகதாம்பாள்.

"எனக்கும் எங்கூட்டுக்காரருக்கும் பத்துக்குப் பத்து சம்பந்தி. மொகம் குடுத்துப் பேசியே ஆறு வருசம் ஆவுது."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "சரி, வெள்ளிக்கெழம பூ வெக்க வரோம்."

துலுக்கானம் பூஜை அலமாரிப் பக்கம் திரும்பி, போனிலிருந்த குங்குமத்தைத் துடைக்க ஆரம்பித்தார். கமலத்தின் பத்துக்குப் பத்தையும் அந்தக் காலத்தில் கையால் கட்டம் போட்டுப் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான்.