வெண்கலத்தில் பதிந்த கட்டைவிரல்

காளியண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் மலையில், எடப்புளி நாட்டில் நான் பார்த்ததில்லை. மாட்டுக்கு மணி வார்ப்பது அவர் தொழில். மெழுகில் மணி செய்து, மேலே களிமண் பூசிச் சுடுவார். மெழுகு உருகி ஓடிய இடத்தில் வெண்கலத்தை ஊற்றுவார். ஊற்றும்போது ஊரில் உள்ள சாமியை எல்லாம் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக்காரன் நான். அதைச் சொல்லிக் கேலி செய்யாத நாளில்லை.

வெள்ளைக்காரன் காலம் அது. இரண்டு வருஷமாக மழையில்லை, சாமை கருகிப்போனது. வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருவெல்லாம் இழுத்து, பெண்கள் ஒப்பாரி வைக்க, இரண்டு முறை எரித்தோம். கொடும்பாவி எரிந்தால் மழை இறங்கும் என்பது வழக்கம். ஒரு சொட்டு விழவில்லை.

அப்போதுதான் குடிதண்ணீருக்காக ஊற்றுக்குழியை ஆழமாக்கியவர்கள், மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாண் உயர வெண்கலப் பெண்ணை எடுத்தார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம். ஒரு கையில் கவிழ்த்த முறம், இன்னொரு கை ஒட்டிய வயிற்றில். பஞ்சத்தையே பெண்ணாக வார்த்திருந்தான் எவனோ. பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன்.

"இதுதான் நெசக் கொடும்பாவி. தீயில வேகக் கூடாதுன்னு வெண்கலத்துல வார்த்துப் பொதைச்சிருக்கறான்," என்றார் ஊர்க்கவுண்டர் அப்பாசாமி. எல்லோரும் காளியண்ணனைப் பார்த்தோம்.

"ஏனுங்க கவுண்டரே, பச்சைக் களிம்பு ஏறிக் கெடக்குது பாருங்க. எங்க அப்புச்சி காலத்துக்கும் முந்தினதுங்க," என்றார் அவர்.

"மெழுகு புடிச்சு வார்க்கறவன் இந்த நாட்டுல உன்னைய உட்டா ஆரு இருக்கறாங்க?"

பொம்மையின் அடியில் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. மெழுகில் அழுத்திய விரல், வெண்கலத்திலும் அப்படியே பதிந்திருந்தது. அதில் விரலை வைக்கச் சொன்னார் கவுண்டர். பொருந்தினால் மலையை விட்டே போய்விட வேண்டும். காளியண்ணனின் மனைவி பெருமாயிக்கு அப்போது நிறைமாதம். அவள் கவுண்டர் காலில் விழுந்து அழுதாள்.

காளியண்ணன் விரலை வைத்தார். பொருந்தியது. அவர் முகத்தைப் பார்த்தேன். தானே செய்துவிட்டோமோ என்று அவரே பயந்துபோயிருந்தார். வேறு யாரும் தன் விரலை வைத்துப் பார்க்கவில்லை.

உச்சி வெயிலிலேயே இருவரும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். காளியண்ணன் அடிவாரத்துச் செங்கல் சூளையில் மண் மிதித்துப் பிழைத்தார் என்றும், சாகும்வரை மெழுகைத் தொடவில்லை என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். பிள்ளை என்ன ஆனதென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"வேலப்பா, இதையக் கொண்டுபோயிப் பள்ளத்துல வீசிட்டு வா சாமி," என்று அன்று அவர்கள் கிளம்பியதுமே பொம்மையை என்னிடம் கொடுத்தார் கவுண்டர்.

பாறை விளிம்பில் நின்றேன். கீழே இருவரும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெருமாயி ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து எழுந்தாள். என்ன தோன்றியதோ, பொம்மையைத் திருப்பி என் கட்டைவிரலை வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

ஒரு குரல் கொடுத்திருந்தால் அவர்களுக்குக் கேட்டிருக்கும். அப்புறம் ஊர் என்னைத் துரத்துமே என்று பயந்தேன். பொம்மையை வீசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.