மரம் வந்த வழி

மில் இருந்த இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வரச் சொல்லிக் காலனியில் என்னை அனுப்பியபோது, எனக்கு வேலி போட்டவன் மேல்தான் கோபம். திரும்பி வரும்போது அந்தக் கோபம் வேறு ஆள் மேல் திரும்பியிருந்தது.

தளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் முன்பு ஒரு மர அறுவை மில் ஓடியது. தைல மரத்தை அறுத்து, ஓசூர் கம்பெனிகளுக்குப் பேக்கிங் பெட்டி செய்து அனுப்புவார்கள். தோப்பிலிருந்து மில்லுக்குத் தடிகளைக் கொண்டுவரச் சின்னதாகத் தண்டவாளம் போட்டு, கையால் தள்ளும் டிராலி விட்டிருந்தார்கள். என் அப்பா அந்த டிராலி தள்ளியவர்.

மில்லை மூடிப் பல வருஷம் ஆகிறது. தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் காலனியில் யார் செத்தாலும் இன்றைக்கும் அந்தப் பாதையில்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். இடுகாடு தோப்பை ஒட்டி இருக்கிறது. அதற்கு நேரான தார் ரோடே உண்டு, ஆனால் அது ஊர்த் தெரு வழியாகப் போகிறது. அதில் எங்கள் பிணம் போனதில்லை. போகக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது மில் நிலத்தை ரோஜாப் பண்ணைக்காக யாரோ வாங்கி, பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். வேலி விஷயம் காதில் விழுந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன்னை எந்த வழியாகக் கொண்டுபோவோம் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பாதையை மீட்டுத் தரச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதென்று முடிவானது. அதற்குத்தான் போட்டோ. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நான் கிளம்ப, அவரும் வருவேன் என்று அடம்பிடித்து ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டார்.

மில்லில் ரம்பம் நின்ற சிமெண்ட் மேடை மட்டும் மிச்சம். மரத்தூள் குவியல் கறுத்து மண்ணாகி, அதன்மேல் ஊமத்தை முளைத்திருந்தது. வேலி போட வந்த பையன்கள் கன்னடத்தில் ஏதோ கேட்டார்கள். அப்பா கன்னடத்திலேயே, நான் இங்கே வேலை பார்த்தவன் என்று பெருமையாகச் சொன்னார். பாதையில் நடந்தோம். வாய்க்கால் பாலத்தின் மேல் மட்டும் தண்டவாளம் கொஞ்சம் இருந்தது. சிமெண்டில் புதைத்து வைத்ததால் எவனாலும் பிடுங்க முடியவில்லை.

அப்பா அதன்மேல் உட்கார்ந்து, வழக்கம்போல் மில் முதலாளி புராணத்தை ஆரம்பித்தார். எங்கள் பிணங்களுக்கு டிராலி கொடுத்த தர்மவானாம். மரம் ஏற்றப் போகும் வெறும் டிராலியில் பிணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த மனுஷன்தான் உத்தரவு போட்டாராம். எத்தனை தடவை கேட்ட கதை!

என் அம்மாவும் அந்த டிராலியில்தான் போனாள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. இறக்கத்தில் டிராலியைப் பிடித்து நிறுத்த வேறு ஆள் இல்லாததால் அப்பாவே தள்ளினார். பெண்டாட்டி பிணத்தைத் தானே தள்ளிக்கொண்டு போனார். ஊர் தாண்டும்வரை மேளம் அடிக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாய்விட்டு அழுத சித்தியைக்கூட யாரோ அதட்டினார்கள்.

போனைத் தூக்கி இரண்டு மூன்று போட்டோ எடுத்தேன். பாதையின் ஒரு பக்கம் முழுக்க ஊர் வீடுகளின் பின்புறம். கக்கூஸ், சாக்கடைக் குழாய், குப்பைமேடு. கடைசியாக என் அம்மாவை இதைப் பார்க்கவைத்துத்தான் அனுப்பினோம். மரத்தோடு மரமாக எங்களைக் கொல்லைப்புறமாகத் தள்ளிவிட்டதற்குப் பெயர் தர்மமா? இந்தச் சந்துக்கா நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு மனு கொடுக்க வேண்டும்? எடுத்த படங்களை அங்கேயே அழித்தேன்.

என்னம்மா பண்றே என்றார் அப்பா.

"இந்த வழி வேணாம் நைனா. உன்னைத் தெருவுலதான் எடுத்துக்கினு போவோம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அடிப்பாங்கம்மா."

"அடிக்கட்டும், பாத்துக்கலாம். மனு குடுக்கத்தான் போறேன். போலீஸ் வந்து நிக்கணும், தெருவுல போவணும்னு குடுக்கப் போறேன்."

எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். காலனியில் பாதிப் பேர் என்னைத் திட்டுவார்கள், போகிற வினையை வாசலுக்கு அழைத்துவந்தவள் என்பார்கள். திட்டிக்கொள்ளட்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் வண்டியை வேண்டுமென்றே ஊர்த் தெருவுக்குத் திருப்பினேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஹாரன் அடித்தேன்.

தெரு பாதி வந்திருக்கும். அப்பா என் தோளைத் தட்டினார். பயந்துவிட்டார், வேகமாகப் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"மெதுவா போ" என்றார்.

வேகத்தைக் குறைத்தேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கோயில் முனை வந்தபோது காதருகே குனிந்தார்.

"அன்னிக்கும் இதே மாதிரி மெதுவா தூக்கிக்கினு போங்க. மேளம் இங்கேருந்தே அடிக்கணும்."