ரிங்டோன் சாரின் கடைசி நாள்

எங்கள் பம்ப் உதிரிபாகக் கிடங்கின் ஸ்டோர் கீப்பருக்கு மாடி ஆபீஸின் சின்னப் பிள்ளைகள் வைத்த பெயர் ரிங்டோன். ஒரு வால்வு வந்தாலும் போன், வராவிட்டாலும் போன். அவர்களோ போனைக் கையில் வைத்துக்கொண்டே எடுக்க மாட்டார்கள். அடித்து ஓய்ந்ததும் "சொல்லுங்க சார்" என்று மெசேஜ் தட்டுவார்கள். "மாடியில உக்காந்துக்கிட்டு எழுதிக் காட்டுறாங்க பாரு, எனக்கென்ன காது செவிடா?" என்று கத்துவார். போனில் ஆபீஸ் மெசேஜ் குரூப் நாள் முழுக்கக் கீச்சிடுகிறதென்று அதன் வாயையும் அடைத்துவிட்டார். நடுவயதுக்காரி நான் பில் மேஜையில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் விமான தூரத்தில். வீட்டில் பேச ஆளில்லாமல்தான் மனுஷன் எங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஓய்வு பெறும் நாள் காலையில் மாடியிலிருந்த ஐந்து பேருக்கும் போன் போட்டார். ஒருத்தரும் எடுக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"முப்பத்தொரு வருஷம்மா. போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை."

ஐந்து மணிக்கு மாடியில் கேக் வெட்டப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் குரூப்பைப் பார்ப்பதில்லை என்பதும் தெரியும். பிள்ளைகள் வந்து கூட்டிப்போவார்கள், அப்போது அசந்துபோகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பாவி நான்.

ஐந்தேகாலுக்கு மாடியில் நாங்கள் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நேத்தே குரூப்ல போட்டோமே அக்கா!" என்றாள் ஆர்டர் எடுக்கும் பெண். கீழே ஓடிப் பார்த்தேன். துடைத்த மேஜை, அதன்மேல் சாவிக்கொத்து. மனுஷன் முன்னாடியே கிளம்பிவிட்டார்.

"போனைப் போடுடி! தட்டாதே, வாயைத் திறந்து பேசு!" என்று மேலே வந்து அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். ஸ்பீக்கரில் பஸ் இரைச்சல் கேட்டது.

"என்னம்மா, நீ போன் பண்ணியிருக்கே? எந்தப் பாகம் கிடைக்கலை? சின்ன வால்வுன்னா மூணாவது ரேக், கீழ்த்தட்டு."

"இல்ல சார். கேக் வெட்டணும். உங்களுக்காகத்தான். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்."



"எனக்கா?" என்றார். பிறகு, "திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகுமேம்மா. நீங்கெல்லாம் வீட்டுக்குப் போகணும். சாப்பிடுங்க."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சரி சார், அப்போ..." என்று இழுத்தாள்.

"வெச்சிடாதம்மா," என்றார். "என் ஸ்டாப் வர்ற வரைக்கும் ஏதாவது பேசு."