திரும்பி வர ஒரு விருந்தாளி

லுலாஷ் வம்புதும்புக்குப் போகாதவன். செய்ததெல்லாம் அவன் அப்பன். வாய்க்கால் தகராறில், ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டு பாஷ்க்கின் அண்ணனைச் சுட்டுவிட்டு, மனுஷன் நிம்மதியாகக் கட்டிலில் படுத்துச் செத்துப்போனான். பழி மூத்த மகன் லுலாஷ் தலையில் விடிந்தது. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பேசி ஒன்றை முடித்துவைத்தார்கள்: லுலாஷ் விழுந்தால் பழி தீர்ந்தது, தம்பி ஜெதோவைத் தொடக் கூடாது. ஆனால் லுலாஷ் மலைக்கு அந்தப் பக்கம், மாண்டினீக்ரோ நாட்டில், ஒரு ராத்திரி தங்கினாலும் ஓடிப்போனதாகத்தான் அர்த்தம். அப்புறம் ஜெதோதான்.

வீட்டுக்குள் இருப்பவனைச் சுடக் கூடாது என்பது வழக்கம். பதினோரு வருஷம் லுலாஷ் வாசற்படி தாண்டவில்லை.

பிறகு ஷ்கோட்ரா நகரத்துச் சுற்றுலா ஆபீசிலிருந்து ஆர்தா என்ற பெண் வந்தாள். எல்லை தாண்டும் பழைய கோவேறு கழுதைப் பாதையை வெளிநாட்டுக்காரர்கள் நடப்பதற்குத் திறக்கப்போகிறார்களாம். அது எந்தப் புதருக்கடியில் கிடக்கிறதென்று லுலாஷுக்குத்தான் தெரியும்.

“நீங்க வந்தாத்தான் அண்ணே, பாறையில குறி போட முடியும்.”

“நான் வந்தா என் நெத்தியிலதாம்மா குறி விழும்.”

ஆனால் விருந்தாளியோடு நடப்பவனைச் சுடக் கூடாது. சர்க்கார் சட்டத்தை எங்கள் ஆட்கள் சர்வசாதாரணமாக மீறுவார்கள், இதை மீற மாட்டார்கள். அதனால் எல்லைக்கல் வரை ஒரு கூட்டத்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிரே வரும் கூட்டத்தோடு இறங்குவான். இரண்டு கோடை அப்படியே ஓடியது. “கொல்லைப்பக்கம் போகவும் வெள்ளைக்காரன் வேணும்டா இவனுக்கு” என்று ஊரே கேலி செய்தது.

பாஷ்க்கும் லேசுப்பட்டவன் அல்ல. பாதை தன் வாசலோடு போகிறதென்றதும் வீட்டு முன்னறையிலேயே காபி விற்க ஆரம்பித்தான். “வா லுலாஷ், களைச்சுட்டியா?” என்று கேட்டுக்கொண்டே தலைகளை எண்ணுவான். கல்யாண வீடுகளில் இன்னமும் அவனுக்கு முழங்காலுக்கு அடியில் விட்டுத்தான் காபிக் கிண்ணத்தை நீட்டினார்கள். பழி வாங்காதவனுக்கு இங்கே அதுதான் மரியாதை. எத்தனை நாள்தான் பொறுப்பான்?

செப்டம்பர் கடைசி. எல்லைக்கல்லருகே எதிர்க்கூட்டத்தைக் காணோம். ஆர்தா போனில் அழுதாள்.

“அந்தப் பக்கம் மழை, திரும்பிட்டாங்க அண்ணே. இந்த வருஷம் இனிமே யாரும் இல்ல. நீங்க அங்கிட்டே தங்கிடுங்க.”

“தங்கினா ஜெதோ?”

“அப்ப கூட வந்தவங்களையே கூட்டிட்டு இறங்குங்க. சொன்னா வருவாங்க.”

“விருந்தாளிகிட்ட போய் எனக்குக் காவல் வான்னு கேக்கறதா? என்ன பேச்சும்மா பேசுற.”

கூட வந்த செக் நாட்டுக் கிழத் தம்பதி கைகொடுத்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கிப்போனார்கள். பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

லுலாஷ் தனியாக இறங்கினான். தான் தீட்டிய சிவப்பு வெள்ளைக் குறிகள் ஒவ்வொன்றாக அவனைப் பாஷ்க் வீட்டுக்கே இழுத்துப்போயின. வேறு வழி கிடையாது, இருபுறமும் பள்ளம். பாஷ்க் வாசலில் நின்றிருந்தான். லுலாஷுக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தான்.

“யாரையும் காணோமே.”

“இல்ல.” லுலாஷ் படியேறினான். “வீட்டுக்காரரே, விருந்தாளியைச் சேர்ப்பீங்களா?”

எதிரியே ஆனாலும் படியேறிக் கேட்டுவிட்டால் விருந்தாளிதான். பாஷ்க்கின் முகம் கறுத்தது.

“உள்ள வா.”

காபி கொடுத்தான், ராக்கிச் சாராயம் ஊற்றினான், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தான். பிறகு பாஷ்க் சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தான்.

“விருந்தாளியை என் நிலத்து எல்லை வரைக்கும் கொண்டுபோய் விடணுமே.”

இருவரும் தோளோடு தோளாக நடந்தார்கள். இந்த வருஷம் பனி சீக்கிரம் விழும் என்றான் பாஷ்க். ஆமாம் என்றான் லுலாஷ். ஓடை வந்தது. அக்கரையில் இருநூறு அடியில் லுலாஷின் வீடு, புகைபோக்கியில் புகை.

“இதோட என் பொறுப்பு தீர்ந்துது, அக்கரையில நீ விருந்தாளி இல்ல” என்றான் பாஷ்க். தோளிலிருந்த துப்பாக்கியைக் கைக்கு மாற்றினான். “அடுத்த வருஷம் ஆளுங்களை யாரு கூட்டிட்டு வருவா?”

“ஜெதோ வருவான். வழியெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்.” லுலாஷ் தண்ணீரில் கால் வைத்தான். “அவன் தனியாவே திரும்பி வரலாம்ல?”

“வரலாம்” என்றான் பாஷ்க்.