என் பங்கு வேலி

வீட்டுக்குள் குளிர் எந்த வழியால் வருகிறது என்று பார்க்க ஒருவர் வந்தார். நோர்வேயில் வர்மெபும்ப என்று சொல்லும் வெப்பப் பம்பு பூட்டுகிற ஆள். வீட்டுக்கு வெளியில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி. வெளியில் இருக்கிற குளிர் காற்றிலிருந்தே சூட்டைப் பிடுங்கி உள்ளே ஊதுமாம். வந்தவர் சாமிப்படத்துக்கு முன்னால் எரிந்த ஊதுபத்தியைக் கண்டார். கேட்கவில்லை, எடுத்தார். யன்னல் ஓரம், கதவடி, சுவர் மூலை எல்லாம் பிடித்துக்கொண்டு நடந்தார். புகை நேராகப் போன இடத்தை விட்டார். வளைந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். மனைவி வாய்க்குள் ஏதோ சொன்னாள். முடிந்ததும் ஊதுபத்தியை அதே இடத்தில் கவனமாகக் குத்திவிட்டு, "முதலில் இதெல்லாம் அடை. ஓட்டை உள்ள வீட்டுக்கு எந்த இயந்திரமும் உதவாது" என்றார். இதே பெட்டியை மறுபக்கமாக ஓடவிட்டால் சூடான நாட்டில் வீட்டைக் குளிராக்கும் என்றும் சொன்னார். அது எனக்குத் தேவையில்லாத கதை என்று நினைத்தேன்.

வர்மெபும்ப வாங்கலாமா என்று இங்குள்ள நம் ஆட்கள் பலர் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாடகை வீடு என்றால் வேண்டாம். சொந்த வீடு, பத்து வருசம் அங்கேதான் இருப்பேன் என்றால் வாங்கலாம். போட்ட காசு திரும்ப அவ்வளவு காலம் பிடிக்கும். கரண்ட் காசு குறையும். ஆனால் குளிர் கூடக் கூட அது தளரும். மிகவும் தேவைப்படுகிற நாளில்தான் மிகவும் குறைவாகத் தரும். விறகையும் அடுக்கி வைத்திருங்கள்.

நான் நோர்வேயில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறேன். முதலாளி பெயர் ஒட்வார். வருசத்தில் சில நாள் அவர் மாட்டைப் பார்க்கமாட்டார். குசினி மேசையில் இருந்து படிவம் நிரப்புவார். மாடு மலையில் மேய்ந்தால் அரசாங்கம் அதற்கு மானியம் கொடுக்கும். மேயாவிட்டால் மலை காடாகிவிடுமாம். மாடு தின்பதற்குக் காசு. முதலில் கேட்டபோது எனக்கு மொழி விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஊர் இலங்கையில் வாகரைப் பக்கம். அங்கே வயல் தனித்தனி இல்லை. பல பேருடைய வயல் சேர்ந்தது ஒரு வட்டை. வட்டைக்கு ஒரே வேலி. யாருக்கு எவ்வளவு வயலோ அவருக்கு அவ்வளவு நீளம் வேலி. கட்டை நட்டு முள் அடைக்க வேண்டும். விதைப்புக்கு முன்னர் வட்டைக்குப் பொறுப்பான வட்டை விதானை வேலியைச் சுற்றி நடந்து பார்ப்பார். அடைக்காதவன் பெயரைச் சத்தமாகச் சொல்வார். ஒருவன் அடைக்காவிட்டால் மாடு புகுந்து எல்லாருடைய நெல்லும் போகும். அப்பா பிரித்துக் கொடுத்ததில் எனக்கு இரண்டு ஏக்கர், அண்ணனுக்கு இரண்டு ஏக்கர். நான் இங்கே வந்த நாளிலிருந்து என் பங்கு வேலியையும் அண்ணன்தான் அடைத்தார்.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் பக்கத்துப் பங்குக்காரர் நல்லதம்பி அண்ணை கடலோடு போனார். தனிப் பங்கு வைத்திருந்த அவருடைய மகனும் போனான். இரண்டு வருசம் கழித்துச் சண்டை. எங்களோடு பங்கு வேலி வைத்திருந்த வட்டை விதானை செல் பட்டுச் செத்தார். அண்ணன், மனைவியான மச்சாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டாலும் ஆற்றாலும் நடந்து போனார். முகாமில் இருந்தார். திரும்பிப் போனபோது வயலுக்குள் இறங்கவேண்டாம் என்று பலகை நட்டிருந்தது. கண்ணிவெடி. வெடி எடுத்து முடிந்து, வன்னியிலும் சண்டை முடிந்த பிறகு, அரசாங்கக் கந்தோரில் உர மானியம் கொடுக்கிறார்கள் என்று அண்ணன் போன் எடுத்தார். அவ்வளவு சந்தோசமாக அவர் கதைத்து நான் கேட்டது அதுதான் கடைசி.

"உரம் மலிவா தாறானுகள்டா தம்பி. உன்ட ரெண்டு ஏக்கரையும் சேர்த்து விதைக்கப் போறன்."

"வேலி?"

"அது நான் பாக்கன். நீ அங்க மாட்டப் பாரு."

ஒட்வாரின் படிவக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். "மாடு திண்டாக் காசா? நல்ல நாடுதான் போ."

மழை பெய்தது. விதைத்தார். கதிர் பிடிக்கிற நேரத்தில் போன் எடுத்தேன்.

"எல்லாம் போயிற்றுடா. யானை."

யானைக்கு யாரும் ஒன்றும் செய்ய ஏலாது. அண்ணன் பகிடி விட்டார். "உன்ட முதலாளியிட்டச் சொல்லு, இஞ்சயும் திண்டிருக்கு, மானியம் அனுப்பட்டாம்."

அடுத்த கிழமை நான் அழைத்தபோது மச்சாள்தான் போனை எடுத்தார். அண்ணன் குளிக்கப் போயிருந்தார்.

"யானையும் இல்ல, ஒண்டும் இல்ல தம்பி. மாடு. உங்கட பங்கு வேலியாலதான் பூந்த. நாலு பேர்ர வேலிய ஒராள் அடைக்க ஏலுமா? உங்கட பக்கம் மட்டும் மிச்சம் கிடந்திச்சு, அதுக்குள்ள இவருக்குக் காய்ச்சல். உங்களுக்குச் சொல்லப்போடாதெண்டு சத்தியம் வாங்கினவர். நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன்.

நல்லதம்பி அண்ணை, அவர் மகன், விதானை, நான். நாலு பேர். மூன்று பேர் செத்தவர்கள். வேலியைப் பொறுத்தவரை செத்தவனும் நானும் ஒன்று.

அன்று பண்ணையில் ஒட்வார் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், ஊரில் என் நிலத்தில் மாடுகள் மேய்ந்தன என்று சொன்னேன். தோளில் தட்டினார்.

"அருமை! எத்தனை?"

"தெரியாது."

"எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் அவர்கள் ஒன்றும் தரமாட்டார்கள்."

ஓம் என்றேன்.

வர்மெபும்பவுக்கு என்று கொஞ்சம் காசு வைத்திருந்தேன். அண்ணனுக்குப் போன் எடுத்தேன். பெட்டி வாங்க வைத்திருந்த காசை வட்டை முழுக்க முள்ளுக்கம்பி அடிக்க அனுப்புகிறேன் என்றேன். மச்சாள் சொன்னதை நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது.

"கம்பியென்ன செய்யும்டா. ஆரும் வெட்டினாத் திருப்பி முறுக்க ஆள் வேணும். காவலுக்கு ஆள் வேணும். ஒராள் நிண்டு வட்டை செய்ய ஏலாது."

"அப்ப அடுத்த முறை?"

"அடுத்த முறை நான் இஞ்ச இல்ல. கட்டாருக்குக் காயிதம் குடுத்திட்டன். கட்டிட வேல." பிறகு சொன்னார், "அந்தக் காசில நீ பெட்டிய வாங்கு. உன்ட புள்ளையள் குளிருக்க கிடக்கிதுகள்."

அண்ணனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கடலும் செல்லும் முகாமும் வந்தபோதும் நாட்டை விட்டுப் போகாதவர். போகாதே என்று சொல்ல வாய் வந்தது. நான் போனவன். எந்த வாயால் சொல்வது.

பெட்டியை வாங்கினேன். அதற்கு முன்னர் பென்சில் கோடு போட்ட இடம் எல்லாம் அடைத்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. ஒரு இடமும் விடவில்லை. நன்றாக அடைத்திருக்கிறாய் என்று பூட்ட வந்தவர் சொன்னார். மனைவி ஊதுபத்தி கொளுத்தினாள். புகை எங்கேயும் வளையவில்லை.

சித்திரைக் கடைசியில் அண்ணன் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. பேச்சுக்குப் பின்னால் ஒரு இரைச்சல்.

"என்ன சத்தம் அண்ணன்?"

"ஏசிப் பெட்டிடா. வெளியில தார் உருகுது. அறைக்குள்ள போர்வை போத்திட்டுக் கிடக்கம். எட்டுப் பேர்." பிறகு கேட்டார், "உன்ட பக்கமும் ஏதோ இரையுதே?"

"என்ட பெட்டி."

"சூடு வருதா?"

"வருது."

"இஞ்ச குளிர் வருது" என்றார்.

இருவரும் போனை வைக்கவில்லை. அவர் பக்கம் ஒரு பெட்டி இரைந்தது. என் பக்கம் ஒரு பெட்டி இரைந்தது. வட்டைக்குள் இப்போது மாடு எந்தப் பக்கத்தாலும் போகலாம்.