என் மனைவி சொல்லும் என் சாட்சி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தால் எனக்கு உடம்பு தானாகவே தளர்ந்துவிடும். வாரம் முழுக்க இரத்தோட்டையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற ஒரு கடையில் சாக்குத் தூக்குகிறேன். சனிக்கிழமையும் விடுமுறை இல்லை. ஞாயிறு காலை சபையில் ஆராதனை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாயலாம் என்று பார்த்தால், பைபிளைப் பையில் வைத்துக்கொண்டு மனைவி வாசலில் நிற்பாள். மேலே தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கிற ஏதாவது ஒரு லயத்தில் வீட்டு ஜெபம் இருக்கும்.

வீட்டு ஜெபத்தில் பாட்டு உண்டு, பாஸ்டரின் பிரசங்கம் உண்டு, நடுவில் சாட்சி உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வதற்குத்தான் சாட்சி என்று பெயர். எங்கள் சபையில் ஆளுக்கொரு சாட்சி இருக்கிறது. ஒரு சகோதரிக்கு வயிற்றுக் கட்டி கரைந்தது. ஒரு சகோதரருக்கு மகனின் விசா கிடைத்தது. என் மனைவியின் சாட்சி நான்.

சொல்வதெல்லாம் அவள்தான். அவள் கை காட்டும்போது எழுந்து நிற்பது மட்டும்தான் என் வேலை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாக்கடைக் கானில் நான் விழுந்து கிடந்தது, வாடை தெரியாமலிருக்கக் கடைக் கராம்பை வாய் நிறைய மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தது, பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வைத்திருந்த காசை நான் குடித்து முடித்தது, எல்லாம் வரிசையாக வரும். இதனால் ஒரு உபத்திரவமும் உண்டு. கராம்புக் கடையில் வேலை செய்கிறவனிடம் கராம்பு வாசம் வராமல் என்ன வரும்? ஆனால் என் பக்கத்தில் உட்காருகிற சில சகோதரர்கள் மூக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

நடந்தது உண்மைதான். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பாஸ்டர் தலையில் கை வைத்தார். நான் குழந்தை மாதிரி அழுதேன். அடுத்த நாள் குடிக்கவில்லை, அதற்கடுத்த நாளும் குடிக்கவில்லை, இன்றுவரை குடிக்கவில்லை. அது கர்த்தர் செய்த காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சாட்சி சும்மா இருக்கவில்லை. முதலில் மனைவி, "குடிக்கிறத விட்டுட்டாரு" என்று மட்டும்தான் சொன்னாள். பிறகு வீட்டிலிருந்த அரைப் போத்தல் சாராயத்தை நான் கொல்லையில் ஊற்றினேன் என்று சேர்த்தாள். கொஞ்ச நாளில் அரைப் போத்தல் முழுப் போத்தலானது. கடைசியில், "அன்னையிலருந்து அந்த ஆசையே அவருக்கு வந்ததில்ல" என்று முடிக்கத் தொடங்கினாள். எல்லாரும் அல்லேலூயா சொல்வார்கள். அவள் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். நான் வாய் திறந்து சொன்னால்தானே அவளுக்குத் தெரியும்?

ஆசை வந்தது. வருகிறது. மாலை ஆறு மணிக்குக் கடையை மூடும்போது தொண்டையெல்லாம் மிளகுத் தூசியாக இருக்கும். வீட்டுக்குப் போகிற வழியில் சாராயத் தவறணை இருக்கிறது. அந்த வாசல் கண்ணில் பட்டதும் நாக்கு வறண்டு, கால் கனத்துப்போகும். பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறை நாளில் மட்டும் கொஞ்சம் இலகு, தவறணை மூடியிருக்கும். மற்ற நாளெல்லாம், "ஆண்டவரே, இந்த வாசலைத் தாண்டும்வரை பிடித்துக்கொள்ளும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நடப்பேன். என்னுடைய ஜெப வாழ்க்கை மொத்தமும் அந்தத் துண்டு ரோட்டில்தான் நடக்கிறது. அதற்கு மேல் ஜெபிக்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

இந்த வருடம் பாஸ்டருக்கு ஒரே பாரம். ஞானஸ்நானம் எடுத்து வருடக்கணக்காகியும் நாம் வளரவில்லை, ஒவ்வொருவரும் ஆவியில் வளர வேண்டும், ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்துக்காவது கர்த்தரை அறிவிக்க வேண்டும் என்று வாராவாரம் சொல்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வராது. வயதில் என்னைவிடச் சின்னவர், மழையென்றும் பாராமல் மாத்தளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். எத்தனை நாளைக்கு சிஸ்டரே சொல்வது, பிரதர் வாய் திறக்கக்கூடாதா என்று என்னிடமும் கேட்டார். எனக்கு முழங்கால் வலி என்றேன். முழங்காலுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வீட்டுக்குப் போனோம். மேல் லயத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் என் மனைவியின் சாட்சியை எங்கோ கேட்டிருக்கிறாள். அவளுடைய புருஷன் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கிறவன், சம்பளம் வாங்கினால் வீட்டுக்கு வரமாட்டான். இந்த மாதத்தோடு பார்க்கிறேன், இல்லாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உக்குவளையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று அவள் என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். அதற்கு முன் ஒருமுறை அவன் குடியை விட்ட என்னைப் பார்க்கட்டும் என்பதற்காகத்தான் ஜெபம் கேட்டாள். அவர்கள் சைவக் குடும்பம். சுவரில் இருக்கிற முருகன் படத்தைக் கழற்ற வேண்டுமா என்று பயந்து பயந்து கேட்டாள். படத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், நாங்கள் ஜெபிக்கத்தான் வந்தோம் என்று பாஸ்டர் சொன்னார்.

அவன் உள்ளே வரவில்லை. வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்து மனைவி சாட்சியைத் தொடங்கினாள். கான் வந்தது, கராம்பு வந்தது, முழுப் போத்தல் வந்தது. ஆசையே வந்ததில்லை என்று முடித்து அவள் கை காட்ட, நான் எழுந்து நின்றேன். அப்போது அவன் திரும்பினான். அன்றைக்கு அவன் குடித்திருக்கவில்லை, கண் தெளிவாக இருந்தது.

"அண்ணே, நெசமாவே ஆச வரலீங்களா?"

பாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிரதர் கடைசியில் வாய் திறக்கப்போகிறார் என்று அவருக்குச் சந்தோஷம். மனைவியும் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் நல்லபடியாக முடியும். ஆனால் அவன் இன்றைக்கோ நாளைக்கோ அந்த ஆசையோடு எழும்புவான், தனக்கு இது வாய்க்கவில்லை என்று நேரே போத்தலுக்குப் போவான். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பொய்யை இன்னொரு தரம் தூக்க எனக்குச் சக்தி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

"வருதுப்பா. நேத்து ஆறு மணிக்குக்கூட வந்திச்சு. நாளைக்கும் வரும்."

அல்லேலூயா சொல்ல வாயெடுத்த ஒரு சகோதரி அதைப் பாதியில் விழுங்கினாள். பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். அந்த வீட்டுப் பெண்ணின் முகம் விழுந்துபோனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவள் அற்புதத்தைப் பார்க்கக் கூப்பிட்டாள், நான் போய் இப்படி நின்றேன். அவன் மட்டும் விடவில்லை. அப்படியென்றால் எப்படிக் குடிக்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்டான். தவறணை வாசலைத் தாண்டும்வரை பிடித்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்பேன், இதுவரை பிடித்திருக்கிறார், நாளைய கதை எனக்குத் தெரியாது என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் வெளியே திரும்பிக்கொண்டான். பாஸ்டர் அவசரமாக முடிவு ஜெபம் செய்தார். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் வந்தன.

பஸ்ஸில் வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இறங்குகிற இடம் கிட்ட வந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

"அத்தன பேருக்கு முன்னால என்னயப் பொய்க்காரியாக்கிட்டீங்க. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் தப்பிச்சிட்டேன்னு நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்த. அதுக்கு நடுவுல எப்பிடிச் சொல்றது?"

அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு தினமும் அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவாள். பாஸ்டர் ஒருநாள் கடைக்கே வந்தார். நான் சொன்னது சாட்சியா இல்லையா என்று தனக்கே தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆவியில் வளர்வது என்பது இதுதான் என்றால் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று நினைத்தேன். மனைவியின் பேச்சும் போய், மரியாதையும் போய், ஆறு மணி மட்டும் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை கடையை மூடிக்கொண்டு ரோட்டில் இறங்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணே, நான் மேல் லயத்து ஆளுங்க. சந்தியில நிக்கிறேன். கூட்டாளிமாரு கூப்புடுறாங்க. ஆச வருதுங்க."

எனக்கும் தவறணை வாசல் எதிரே தெரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் எடுத்துச் சொல்ல வேதத்தில் எத்தனையோ வசனம் இருக்கும். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"எனக்கும்தான் வருது. நானும் இன்னும் தாண்டல. போன வைக்காம நடங்க, நானும் நடக்கிறேன்."

நடந்தோம். அவன் பக்கம் நாய் குரைக்கிற சத்தமும் யாரோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. நான் வழக்கமாக வாய்க்குள் சொல்கிற ஜெபத்தைச் சத்தமாகவே சொன்னேன், எங்க ரெண்டு பேரையும் பிடித்துக்கொள்ளும் என்று மாற்றிச் சொன்னேன். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஆமென் சொல்லவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "லயத்துக்கு ஏறுற படிக்கு வந்துட்டேங்க" என்றான். நானும் தாண்டியிருந்தேன். நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"அன்னைக்குத் தேத்தண்ணி குடிக்கிறப்ப ஒங்க வீட்டு அக்காதாங்க எங்க வீட்டாளுகிட்டக் குடுத்தாங்க. ஆறு மணிக்கு ஒங்களுக்குக் கோல் எடுக்கச் சொன்னாங்க."

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். மனைவி பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தத் தம்பி கோல் எடுத்தாரா?"

"எடுத்தாரு. ரெண்டு பேரும் தாண்டிட்டோம். இன்னைக்கு."

அவள் கரண்டியை வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு நானும் கடை வாசலுக்கு வரட்டுமாங்க? கூடச் சேந்து நடக்கத்தான்."

"வா. ஆனா வழியில யாருக்கும் சாட்சி சொல்லிறாத."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நான் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.