அண்ணன் எடுக்காத போன்

அண்ணன் கொஞ்ச நாள் வேலையாக மலேசியா போனபோது, எங்கள் மலையூர் செம்மேட்டில் வைத்திருந்த செல்போனையே, அதே நம்பரோடு கொண்டுபோனான். அங்கே எடுத்துப் பேசினால் காசு எக்கச்சக்கமாகப் பிடிக்கும். அதனால் தினமும் சாயங்காலம் நாங்கள் கூப்பிடுவோம், அவன் எடுக்காமல் கட் பண்ணுவான். கட் பண்ணினால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்.

ஒருநாள் அம்மாவுக்குத் திடீரென்று மூச்சுத் திணறியது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குக் காத்திருந்தோம். அண்ணன் குரலைக் கேட்டால் அவளுக்குத் தெம்பாக இருக்குமென்று கூப்பிட்டேன். கட் பண்ணினான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் கட் பண்ணினான்.

"கட் பண்ணிட்டானா கண்ணு?"

"ஆமாம்மா."

"அப்ப நல்லாருக்கான். உடு சாமி, எடுத்தான்னா அவனுக்குத்தான் செலவு."

அம்மா முகம் தெளிந்துவிட்டது. அதற்குமேல் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

மலைப்பாதை வளைவுகளில் வண்டி இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் மூச்சு நின்றுபோனது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டேன்.

நல்ல சேதி சொல்ல ஒரு வழி வைத்திருந்த நாங்கள், கெட்ட சேதிக்கு எதுவும் யோசித்து வைக்கவில்லை. அம்மா தலை என் மடியில் இருந்தது. நான் விடாமல் கூப்பிட்டேன். அண்ணனும் விடாமல் கட் பண்ணினான், தான் நன்றாக இருப்பதாக அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு.